கொல்ல வேண்டாம்... வளர வைத்தால் போதும்!

ரத்தப் புற்றுநோயில் இப்படியும் ஒரு வகை

காட்டுப்பள்ளி. காலை ஆறு மணி. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டன. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் உங்கள் மகள் பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளிக்கிறாள். வாஷ்பேசினில் பார்த்தால்... சிவப்பு!

"பிரஷ் குத்திடுச்சும்மா" என்கிறாள்.

நேற்று ராத்திரிதான் அவள் கையில் நீலமாகக் கன்றிப்போன அடையாளம் ஒன்றைப் பார்த்தீர்கள். "எங்கடி இடிச்சிக்கிட்டே?" என்று கேட்டதற்கு, "மீஞ்சூர் ஸ்டேஷன்ல ஒரே கூட்டம். எங்கேயாவது பட்டிருக்கும்" என்றாள். இந்த மாதம் விலக்காகி எட்டு நாளாகிறது, இன்னும் நின்றபாடில்லை. ஒரு வாரமாக லேசான ஜுரம் வேறு. மாடிப்படி ஏறினாலே உட்கார்ந்துவிடுகிறாள்.

ரத்தப் பரிசோதனை செய்கிறீர்கள். ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய தட்டணுக்கள் இருபதாயிரம்தான் இருக்கின்றன. பக்கத்து வீட்டு அம்மா வந்து பார்த்துவிட்டு, "டெங்குதான்க்கா. சந்தேகமே இல்ல. பப்பாளி இலைச் சாறு குடுங்க, நிலவேம்புக் கஷாயம் குடுங்க. மூணு நாள்ல தானா ஏறிடும்" என்று தைரியம் சொல்லிவிட்டுப் போகிறார்.

அந்த 'மூணு நாள்' இருக்கிறதே... அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை!

பயந்துவிடாதீர்கள். மேலே சொன்ன குடும்பம் கற்பனைதான். மழைக்காலத்தில் தட்டணு குறைந்தால் அது டெங்குவாகவோ வேறு காய்ச்சலாகவோ இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் மிக அபூர்வமாக, இதே அறிகுறிகளோடு வேறொரு நோயும் வாசல் கதவைத் தட்டும். அதன் பெயர் 'அக்யூட் ப்ரோமைலோசைட்டிக் லுக்கீமியா'. டாக்டர்கள் சுருக்கமாக ஏ.பி.எல். என்பார்கள். 'அக்யூட் மைலாய்டு' என்ற ரத்தப் புற்றுநோய்ப் பிரிவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இது. வயதானவர்களை மட்டும் தேடி வருகிற நோயல்ல. இளைஞர்களுக்கும் நடுத்தர வயதினருக்கும் வரும். குழந்தைகளுக்கும் வருவதுண்டு.

இந்த நோயைப் பற்றி இரண்டு உண்மைகளை நீங்கள் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று: ரத்தப் புற்றுநோய்களிலேயே மிக வேகமாக உயிரைப் பறிக்கக்கூடியது இது. 1957-ல் நார்வே நாட்டு டாக்டர் ஹில்லஸ்டாட் இந்த நோயைத் தனி வகையாக முதன்முதலில் எழுதியபோது, கடுமையான ரத்தக் கசிவோடு சில வாரங்களுக்குள் முடிந்துவிடும் நோய் என்றுதான் வர்ணித்தார்.

இரண்டு: இன்றைக்கு, பெரியவர்களுக்கு வரும் கடும் ரத்தப் புற்றுநோய்களிலேயே மிக நன்றாகக் குணமாகக்கூடியதும் இதுதான்!

இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாகும்? வாருங்கள், பார்ப்போம்.

மேல் வகுப்புக்குப் போகாத பிள்ளைகள்

நம் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையை ஒரு பள்ளிக்கூடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் வகுப்பில் சேரும் இளம் செல்கள் ஒவ்வொரு வகுப்பாகத் தேறி, கடைசியில் முழு வளர்ச்சியடைந்த வெள்ளை அணுக்களாக ரத்தத்துக்குள் வருகின்றன. கிருமியோடு சண்டை போடுவது இவற்றின் வேலை. சில நாட்களிலேயே ஆயுள் முடிந்து, சத்தமில்லாமல் போய்விடுகின்றன. அவற்றின் இடத்துக்குப் புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கும். தினமும் கோடிக்கணக்கில் நடக்கிற காரியம் இது.

இந்தப் படிப்பில் நடுவே ஒரு வகுப்புக்கு 'ப்ரோமைலோசைட்' என்று பெயர். ஏ.பி.எல். நோயில் செல்கள் இந்த வகுப்போடு நின்றுவிடுகின்றன. மேலே போகும் கதவு பூட்டிக்கொள்கிறது. ஆனால் அவை பெருகுவது மட்டும் நிற்பதில்லை! நாளாக ஆக மஜ்ஜை முழுக்க வளராத பிள்ளைகளின் கூட்டம். சிவப்பு அணுக்களுக்கும் தட்டணுக்களுக்கும் உட்கார இடமில்லை. சிவப்பு அணு குறைந்தால் சோகை, அசதி. நல்ல வெள்ளை அணு குறைந்தால் ஜுரம், தொற்று. தட்டணு குறைந்தால் ரத்தக் கசிவு.

இதோடு போனால் பரவாயில்லை. இந்த வளராத செல்களின் உள்ளே பொடிப்பொடியாக நிறைய துகள்கள் இருக்கும். அந்தச் செல்களிலிருந்து வெளியாகும் பொருட்கள், ரத்தம் உறையும் ஏற்பாட்டையே குழப்பிவிடுகின்றன. தேவையில்லாத இடத்தில் ரத்தம் உறைகிறது. அதில் உறைய வைக்கும் பொருட்கள் எல்லாம் செலவாகிவிட, தேவையான இடத்தில் உறையாமல் கசிகிறது. ஈறில், மூக்கில், தோலுக்கு அடியில் கசிந்தால் கண்ணுக்குத் தெரியும். மூளைக்குள்ளோ நுரையீரலுக்குள்ளோ கசிந்தால்? அதுதான் ஆபத்து.

கதவு ஏன் பூட்டிக்கொண்டது? இதற்கான முதல் துப்பை 1977-ல் சிகாகோவைச் சேர்ந்த டாக்டர் ஜேனட் ரௌலி கண்டுபிடித்தார். இந்த நோயாளிகளின் செல்களில் 15-ம் எண் குரோமோசோமும் 17-ம் எண் குரோமோசோமும் ஆளுக்கொரு துண்டை மாற்றிக்கொண்டிருந்தன! அப்படி மாறியதில் இரண்டு வேறு வேறு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டு, உடம்பில் இல்லாத ஒரு புதுப் புரதம் உருவாகிறது என்பது 1990 வாக்கில் தெளிவானது. செல் வளர்வதற்கான கட்டளைகளை எல்லாம் அந்தப் புரதம்தான் அமுக்கி வைத்துக்கொண்டிருக்கிறது. பூட்டு அதுதான்.

ஷாங்காயில் ஒரு ஐந்து வயதுச் சிறுமி

புற்றுநோய் என்றால் செல்லைக் கொல்ல வேண்டும். வழக்கமான கீமோதெரபி அதைத்தான் செய்கிறது. கெட்ட செல்லோடு சேர்ந்து நல்ல செல்லும் சாகும். முடி கொட்டும், வாய் புண்ணாகும், எதிர்ப்புச் சக்தி அடியோடு குறையும். ஏ.பி.எல். நோயிலோ இன்னொரு தொல்லை. கொல்லப்பட்ட செல்கள் உடையும்போது உள்ளே இருக்கும் சமாசாரம் மொத்தமும் வெளியே கொட்டி, ரத்தக் கசிவு இன்னும் மோசமாகும். வைத்தியமே வினையாகிற நிலை!

'கொல்வதற்குப் பதில், வழிதவறிய செல்லை வளர வைத்துத் திருத்த முடியாதா?' என்ற கேள்வி 1960-களிலேயே எழுந்துவிட்டது. இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானி லியோ சாக்ஸ் இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவர். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆய்வுக்கூடங்களில், வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த ரெட்டினாயிக் அமிலம் சோதனைக் குழாயில் இருந்த ரத்தப் புற்றுநோய் செல்களை முதிர வைத்தது. ஆனால் மனிதனுக்குக் கொடுத்துப் பார்ப்பது வேறு விஷயமாயிற்றே?

அந்தத் துணிச்சல் சீனாவில், ஷாங்காய் ரூயிஜின் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் வாங் ஜென்யிக்கு வந்தது. வருஷம் 1985. ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி ஏ.பி.எல். நோயோடு உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள். வழக்கமான மருந்துகள் கைவிட்டுவிட்டன. 'ஆல் டிரான்ஸ் ரெட்டினாயிக் அமிலம்' என்ற மருந்தை அவளுக்குக் கொடுத்தார் வாங். டாக்டர்கள் இதை 'ஏட்ரா' என்பார்கள். ஊசிகூட இல்லை, வாய்வழி மருந்து!

சிறுமி தேறினாள். புற்றுநோய் செல்கள் வளர ஆரம்பித்திருந்தன!

1988-ல் அந்த ஆஸ்பத்திரிக் குழு 24 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டது. 24 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. அதில் 23 பேருக்கு இந்த ஒரு மருந்து மட்டுமே போதுமாக இருந்தது. மருத்துவ உலகம் முதலில் நம்பவில்லை. பிறகு பிரான்ஸில் செய்து பார்த்தார்கள், அமெரிக்காவில் செய்து பார்த்தார்கள். அங்கேயும் அதே பலன்!

ஒரு குறை மட்டும் இருந்தது. ஏட்ராவை மட்டும் நம்பியவர்களுக்கு மாதக்கணக்கில் நோய் திரும்பி வந்தது. கீமோதெரபியும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. இன்னொரு கை தேவைப்பட்டது.

பாஷாணம் மருந்தான கதை

அந்த இன்னொரு கை எது தெரியுமா? வெள்ளைப் பாஷாணம்! ஆமாம், நம் பாட்டி காலத்துக் கதைகளில் பாலில் கலந்து கொடுப்பார்களே, அதே ஆர்சனிக் டிரையாக்ஸைடு!

1970-களில் சீனாவின் வட கோடியில் உள்ள ஹார்பின் நகரில், டாக்டர் ஜாங் டிங்டாங் தலைமையிலான குழு ஒரு நாட்டு வைத்தியக் குறிப்பை ஆராய்ந்தது. அதில் இருந்த பொருட்களில் வேலை செய்வது ஆர்சனிக்தான் என்று கண்டுபிடித்து, சுத்தப்படுத்தி, நரம்பு வழியாக ஏற்றும் மருந்தாக்கினார்கள். ஏ.பி.எல். நோய்க்கு அது அபாரமாகக் கேட்டது. 1998-ல் அமெரிக்க டாக்டர்கள், நோய் திரும்பி வந்த 12 பேருக்குக் கொடுத்துப் பார்த்தபோது 11 பேருக்கு நோய் அடங்கியது. 2000-ல் அமெரிக்க அரசு இந்த மருந்துக்கு அனுமதி கொடுத்தது.

ஏட்ராவும் ஆர்சனிக்கும் ஒரே பூட்டைத்தான் குறிவைக்கின்றன. அந்தப் புதுப் புரதத்தின் ஒரு பக்கத்தை ஏட்ரா பிடித்துக்கொள்கிறது, மறுபக்கத்தை ஆர்சனிக் பிடித்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்து அந்தப் புரதத்தையே சிதைத்துவிடுகின்றன. பூட்டு போனால் கதவு திறந்துவிடும் அல்லவா? அடைபட்டுக் கிடந்த செல்கள் மேல் வகுப்புக்குப் போகின்றன. வளர்கின்றன. வளர்ந்த வெள்ளை அணு எல்லாவற்றையும் போல, ஆயுள் முடிந்து தானாகவே மறைகின்றன. ஆர்சனிக் ஒரு படி மேலே போய், பல செல்களை நேரடியாகவும் அழித்துவிடுகிறது.

நம் வேலூர் செய்த காரியம்

இதுவரை சொன்னது எல்லாம் வெளிநாட்டுச் சங்கதி. இனி நம் ஊருக்கு வருவோம்.

1990-களின் கடைசி. ஏட்ரா, கீமோதெரபி, அதோடு வரும் தொற்றுகளுக்கான ஆன்டிபயாடிக், ஏற்ற வேண்டிய ரத்தம் என்று கணக்குப் போட்டால் நம் நாட்டில் பல குடும்பங்களுக்குச் செலவு எட்டாக்கனி. குணமாகும் நோய் என்று தெரிந்தும், பணம் இல்லாமல் வீட்டுக்குத் திரும்பிப் போகிற கொடுமை.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் ரத்தவியல் துறையினர் வேறு மாதிரி யோசித்தார்கள். டாக்டர் மாமன் சாண்டி, டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா, டாக்டர் விக்ரம் மேத்யூஸ் ஆகியோர் இருந்த குழு அது. 'ஆர்சனிக் விலை மலிவான பொருள். அதை மட்டுமே வைத்து, முதல் தடவை வரும் நோயாளிக்கே சிகிச்சை செய்தால் என்ன?' மருந்தை ஆஸ்பத்திரியின் மருந்தகத்திலேயே தயாரித்தார்கள். 1998 ஜனவரியிலிருந்து 2004 டிசம்பர் வரை 72 நோயாளிகளுக்கு இந்த முறையில் சிகிச்சை நடந்தது.

பெரியவர்களுக்குத் தினமும் 10 மில்லிகிராம். நோய் அடங்கும் வரை, அதிகபட்சம் 60 நாள். நான்கு வாரம் ஓய்வு. மறுபடியும் நான்கு வாரம் மருந்து. அதன்பின் மாதத்துக்குப் பத்து நாள் வீதம் ஆறு மாதம். அவ்வளவுதான்!

பலன்? 72 பேரில் 62 பேருக்கு நோய் முழுமையாக அடங்கியது. நூற்றுக்கு 86 பேர். 2006-ல் உலகின் முக்கியமான ரத்தவியல் இதழ் ஒன்றில் இது வெளிவந்தது. 2010-ல் நீண்ட காலக் கணக்கையும் வெளியிட்டார்கள். ஐந்து ஆண்டுக் கணக்கில் உயிரோடு இருப்பவர்கள் நூற்றுக்கு 74 பேர். ஒரே ஒரு மலிவான மருந்தை வைத்துக்கொண்டு எட்டிய பலன் இது! காட்பாடி ஸ்டேஷனில் இறங்கினால் ஆட்டோவில் போய்விடக்கூடிய தூரத்தில் நடந்த சாதனை.

2013-ல் இத்தாலி, ஜெர்மனி நாட்டு டாக்டர்கள் இன்னொரு படி போனார்கள். வெள்ளை அணு எண்ணிக்கை பத்தாயிரத்துக்கு மேல் போகாத நோயாளிகளுக்கு ஏட்ராவும் ஆர்சனிக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். கீமோதெரபி கிடையாது. அந்தப் பிரிவில் கணக்கில் எடுத்துக்கொண்ட 77 பேரில் 77 பேருக்கும் நோய் அடங்கியது! இன்று உலகம் முழுக்க இந்த வகை நோயாளிகளுக்கு இந்தக் கூட்டணிதான் முதல் சிகிச்சை. வெள்ளை அணு பத்தாயிரத்துக்கு மேல் ஏறியவர்களுக்கு மட்டும் ஆரம்பத்தில் கொஞ்சம் கீமோதெரபியும் சேர்ப்பார்கள்.

அப்படியானால் யாரை இழக்கிறோம்?

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். இவ்வளவு நல்ல மருந்து இருந்தும் இன்னும் சிலரை இழக்கிறோம். பெரும்பாலும் எப்போது தெரியுமா? முதல் சில நாட்களில். மருந்து தோற்பதற்கு முன்பே, மருந்து வந்து சேர்வதற்கு முன்பே! 'பிரஷ் குத்தியிருக்கும்', 'டெங்குவாக இருக்கும்', 'திங்கட்கிழமை போகலாம்' என்று தள்ளிப்போடும் நாட்களில், மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டுவிடுகிறது.

ஏட்ராவுக்கு ஒரு பெரிய குணம் உண்டு. ஆரம்பித்த சில நாட்களிலேயே ரத்தம் உறையும் குழப்பம் அடங்கத் தொடங்கும். ஆகவேதான் இந்த நோய் என்று சந்தேகம் வந்தாலே, மரபணுப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் உடனே ஏட்ராவைத் தொடங்க வேண்டும் என்பது உலகம் முழுக்க ரத்தவியல் டாக்டர்கள் பின்பற்றும் விதி. பிறகு வேறு நோய் என்று தெரிந்தால் நிறுத்திவிடலாம், பெரிய நஷ்டமில்லை. காத்திருந்தால்தான் நஷ்டம்.

அந்தச் சந்தேகம் எங்கே ஆரம்பிக்கும்? ஒரு கண்ணாடித் தகட்டில்! ஒரு சொட்டு ரத்தத்தைத் தகட்டில் தடவி, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. 'பெரிஃபெரல் ஸ்மியர்' என்று எழுதுவார்கள். மெஷின் எண்ணிக்கை மட்டும் சொல்லும். செல்லின் முகத்தை அனுபவமுள்ள மனிதக் கண்தான் அடையாளம் காணும். செலவும் குறைவு, சில மணி நேரத்தில் முடிவும் தெரிந்துவிடும். இந்த ஒரு வார்த்தையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஸ்மியர்.

காட்டுப்பள்ளியிலிருந்து எங்கே போவது?

ரத்தம் கசிகிற நிலையில், 'வேலூர் பெரிய ஆஸ்பத்திரி, அங்கேயே போயிடலாம்' என்று நீண்ட பயணத்துக்குக் கிளம்பாதீர்கள். முதல் வாசல் பக்கத்தில் இருக்க வேண்டும். ராயபுரம் பக்கம் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி, சென்ட்ரலுக்கு எதிரில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. இரண்டிலும் அவசரப் பிரிவு இரவு பகலாக உண்டு. தனியார் என்றால் ரத்த வங்கியும் ரத்தவியல் டாக்டரும் உள்ள இடமாகப் பாருங்கள். எண்ணூர் சாலையில் டிரெய்லர் லாரிகள் வரிசை கட்டி நின்றால் என்ன கதி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

தட்டணுவும் உறையும் பொருட்களும் ஏற்றி, ஏட்ரா தொடங்கி, நிலைமை கட்டுக்குள் வந்த பிறகு, மீதி சிகிச்சையை அங்கேயே தொடர்வதா, அடையாறு புற்றுநோய் மருத்துவமனையா, வேலூரா என்று டாக்டரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோ கம்பெனி இன்ஷூரன்ஸ் அட்டையோ இருந்தால் முதல் நாளே கையோடு எடுத்துப்போங்கள். இந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு கிடைக்கும் என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள்.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும்?

ஏட்ரா, தினமும் இரண்டு வேளை விழுங்கும் கேப்ஸ்யூல். ஆர்சனிக், தினமும் இரண்டு மணி நேரம் போல டிரிப்ஸில் ஏறும். முதல் நாட்களில் ரத்தப் பரிசோதனை அடிக்கடி நடக்கும். தட்டணுவும் உறையும் பொருட்களும் பல தடவை தேவைப்படலாம். ஆகவே ரத்ததானம் செய்யச் சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஆர்சனிக் இதயத் துடிப்பின் தாளத்தைப் பாதிக்கக்கூடும். அதனால்தான் அடிக்கடி ஈ.சி.ஜி. எடுப்பார்கள், ரத்தத்தில் பொட்டாசியமும் மக்னீசியமும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 'ஹார்ட்டுல ஒண்ணும் இல்லையே, எதுக்கு திரும்பத் திரும்ப எடுக்கறாங்க?' என்று சந்தேகப்பட வேண்டாம்.

இன்னொன்று. மருந்து தொடங்கியதும் வெள்ளை அணு எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறலாம். 'ஐயோ, நோய் முத்திப்போச்சே!' என்று வீட்டில் அழுதுவிடுவார்கள். அடைபட்டிருந்த செல்கள் வளர்ந்து வெளியே வருவதன் அடையாளமாகவும் அது இருக்கலாம். ஆனால் இந்தச் சமயத்தில் ஒரு சிக்கல் வரலாம். ஜுரம், மூச்சுத் திணறல், இருமல், கால் வீக்கம், திடீரென்று எடை கூடுவது. இவற்றில் எது தெரிந்தாலும், நடு ராத்திரியாக இருந்தாலும், நர்ஸை எழுப்பிச் சொல்லுங்கள். டெக்ஸாமெத்தசோன் ஊசி சீக்கிரமே போட்டால் அடங்கும். தாமதித்தால் ஆபத்து. தினமும் எடை பார்ப்பது இதற்காகத்தான்.

ஒரு மாதம் அல்லது அதற்குக் கொஞ்சம் கூட ஆகும். மஜ்ஜையைச் சோதித்து நோய் அடங்கிவிட்டது என்பார்கள். அத்தோடு 'குணமாயிடுச்சு' என்று மூட்டை கட்டிவிடாதீர்கள்! கண்ணுக்குத் தெரியாமல் மிச்சம் இருக்கும் செல்களுக்காக மேலும் பல மாதம் சுற்றுச் சுற்றாக மருந்து உண்டு. பெரும்பாலும் வீட்டிலிருந்தே வந்துபோகலாம். நடுவில் நிறுத்தினால் நோய் திரும்பும். கடைசியில் அந்த 15-17 ஒட்டு மரபணுவின் தடயம்கூட இல்லை என்று நுட்பமான பரிசோதனை சொல்ல வேண்டும்.

நீங்கள் கேட்க நினைப்பவை

*இது பரம்பரையாக வருமா? தொற்றிக்கொள்ளுமா?*

இரண்டும் இல்லை. அந்தக் குரோமோசோம் மாற்றம் பிறந்த பிறகு மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லில் ஏற்படுவது. பிள்ளைகளுக்குப் போகாது. ஒரே தட்டில் சாப்பிடலாம்.

*எங்கள் ஏரியா புகைதான் காரணமா?*

வட சென்னையில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி வருவது நியாயம்தான். பென்சீன் என்ற ரசாயனம் 'அக்யூட் மைலாய்டு' ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம். பெட்ரோலியப் பொருட்கள், கரைப்பான்கள் புழங்கும் இடத்தில் வேலை செய்பவர்கள் காற்றோட்டம், முகக் கவசம், கையுறை விஷயத்தில் அலட்சியம் கூடாது. ஆனால் ஒரு குறிப்பிட்ட நபருக்கு ஏ.பி.எல். வந்ததற்கு இதுதான் காரணம் என்று யாரும் விரல் நீட்டிச் சொல்ல முடியாது.

*பாஷாணம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்குமே, சாப்பிடலாமா?*

கூடவே கூடாது! ஆர்சனிக் கலந்த தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தால் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோய் வரும். தினமும் பத்து மில்லிகிராம் அளவில், ஈ.சி.ஜி. பார்த்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் ஏற்றும்போதுதான் அது மருந்து. அளவு தெரியாமல் வீட்டில் சாப்பிட்டால் அது பழைய பாஷாணமேதான்.

*வைட்டமின் ஏ தானே? கேரட், மீன் எண்ணெய் மாத்திரை போதாதா?*

போதாது. ஏட்ரா வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது என்றாலும் தனி மருந்து. வைட்டமின் ஏ மாத்திரையை அள்ளி விழுங்கினால் கல்லீரல்தான் கெடும்.

*கர்ப்பமாக இருந்தால்?*

முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டு மருந்துகளுமே கருவைப் பாதிக்கக்கூடியவை. சிகிச்சைக் காலத்தில் கர்ப்பம் தரிக்கவும் கூடாது.

*எல்லா ரத்தப் புற்றுநோய்க்கும் இந்த மருந்து கேட்குமா?*

இல்லை. அந்த 15-17 பூட்டு இருந்தால்தான் இந்தச் சாவி பொருந்தும். ஆனால் 'வளர வைத்துத் திருத்துவது' என்ற வழி மற்ற வகைகளுக்கும் திறக்கத் தொடங்கிவிட்டது. வேறு மரபணுக் கோளாறுகள் உள்ள அக்யூட் லுக்கீமியாக்களுக்கு எனாசிடெனிப் 2017-லும், ஐவோசிடெனிப் 2018-லும், ரெவுமெனிப் 2024-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இவையும் தேங்கி நிற்கும் செல்லை வளர விடும் மருந்துகள்தான்.

கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்!

உடனே கவனிக்க வேண்டியவை:

• அடிபடாமலே உடம்பில் நீலத் திட்டுகள், சிவப்புப் புள்ளிகள்
• ஈறு, மூக்கில் ரத்தம், நிற்காத மாதவிலக்கு
• சிறு காயத்திலும் நிற்காத ரத்தம்
• இவற்றோடு அசதி, வெளுப்பு, ஜுரம்
• கடும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், பேச்சுக் குழறல் (இவை இருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள்)

செய்யக்கூடாதவை:

• ஆஸ்பிரின், புரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் (ரத்தக் கசிவைக் கூட்டும்)
• இடுப்பில், புஜத்தில் தசை ஊசி
• பல் பிடுங்குவது
• 'இன்னும் மூணு நாள் பார்ப்போம்'

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்:

• "டாக்டர், ஸ்மியர் பார்த்தாச்சா?"
• "ரத்தம் உறையும் டெஸ்ட் எடுத்தாச்சா?"
• "ஏ.பி.எல். சந்தேகம் இருந்தா ஏட்ரா இன்னைக்கே ஆரம்பிக்க முடியுமா?"

டாக்டரிடம் இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நல்ல டாக்டர் சந்தோஷமாகப் பதில் சொல்வார்.

கடைசியாக, அந்தக் காட்டுப்பள்ளி வீட்டுக்கே திரும்பிப் போவோம். பக்கத்து வீட்டு அம்மா அன்பாகத்தான் சொன்னார். அவர் மேல் தப்பில்லை. பப்பாளி இலையைப் பறிக்க நீங்கள் கொல்லைப்பக்கம் போவதற்கு முன்னால், லேப் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு மகளோடு கிளம்பிவிடுங்கள். டெங்கு என்றே முடிவு வந்தாலும் நஷ்டம் ஒன்றுமில்லை, அதற்கான வைத்தியத்தைச் சரியாகப் பார்த்துக்கொள்ளலாம். அது ஏ.பி.எல். ஆக இருந்துவிட்டால்? மருந்து இருக்கிறது. சென்னையில் இருக்கிறது, வேலூரில் இருக்கிறது. உங்கள் மகள் பல மாதம் ஆஸ்பத்திரிக்கு அலைந்தாலும், மறுபடியும் மீஞ்சூர் ஸ்டேஷன் கூட்டத்தில் முண்டியடித்து ரயில் ஏறி வேலைக்குப் போவதற்கு எல்லா வாய்ப்பும் இருக்கிறது.

அன்றைக்கே கிளம்ப வேண்டும். உங்கள் கையில் இருப்பது அது ஒன்றுதான். மிச்சத்தை மருந்து பார்த்துக்கொள்ளும்!